மேனேஜரின் அப்பா வரிசையில் நின்ற நாள்

உர மூட்டைச் சாக்கை வெட்டித் தைத்த பை அது. பாதி அழிந்த எழுத்தில் ‘யூரியா’ என்று இன்னமும் படிக்க முடிந்தது. அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, ஒரு பெரியவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். காலில் செருப்பில்லை. கணுக்கால்வரை செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. மல்லாட்டைக் கொல்லையிலிருந்து (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) நேராகப் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

இடம், திண்டிவனத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வாசல். மண்டையைப் பிளக்கும் வெயில். வரிசை கவுண்ட்டரில் தொடங்கி, படியிறங்கி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, சோடாக்கடையின் நிழலைத் தேடி ஒரு வளைவு வளைந்திருந்தது. நாங்கள் இருவரும் அந்த வளைவில் இருந்தோம். நிழல் எங்களுக்கு முன்னால் நின்றவரோடு தீர்ந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். எனக்கு அவரைத் தெரியும். கெடார் கிராமத்தில் அவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட்டிருக்கிறேன்.

“அப்பா! நீங்களா? என்ன இங்க நிக்கிறீங்க? உள்ள போங்க. லூர்து ரூம்லதான் இருக்கான்.”

“தெரியும் தம்பி” என்றார். “எல்லாரும் லைன்ல வரணும்னு ரூலு போட்டிருக்கானாமே. அப்புறம் நான் மட்டும் எப்புடி உள்ள பூர்றது?”

சொல்லும்போது அவர் முகத்தில் கஷ்டம் கொஞ்சமும் இல்லை. இருந்தது கர்வம்.

அவர் பெயர் சவரிமுத்து. வங்கியின் மேனேஜர் லூர்துசாமி அவருடைய ஒரே மகன்.

சீசன் டிக்கெட் சபை

வெயிலில் அவரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் பின்னால் போகிறேன். எனக்கு நேராகக் கதை சொல்ல வராது என்பது இந்தத் தொடரை இத்தனை வாரம் பொறுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். “விஷயத்துக்கு வாரும்” என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். வந்துகொண்டிருக்கிறேன் ஐயா. பாசஞ்சர் வண்டியில்.

எண்பதுகளில் நான் விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் பாசஞ்சரில் போய், மாலையில் பாசஞ்சரில் திரும்புவது. இடையில் அலுவலகமும் உண்டு. ஆனால் நாங்கள் உண்மையில் உத்தியோகம் பார்த்தது ரயிலில்தான். ஒரு சூட்கேஸை நாலு முழங்கால்களின் மேல் வைத்து, துண்டை விரித்தால், முண்டியம்பாக்கம் வருவதற்குள் சீட்டுக் கலைத்துப் போட்டாகிவிடும். மைலம் வரும்போது யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்.

லூர்துசாமி அந்தச் சபையில் என் பார்ட்னர். நல்ல சிவப்பு, சுருட்டை முடி, இஸ்திரி கலையாத சட்டை. கெடாரில் கேப்பைக் களி தின்று வளர்ந்தவன் என்று அவனே சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவனும் அதை அடிக்கடி சொல்லமாட்டான்.

என்னை அவன் “எழுத்தாளரே” என்றுதான் கூப்பிடுவான். அப்போது பத்திரிகைகளில் என் துணுக்குகள் வர ஆரம்பித்திருந்தன. ஒரு துணுக்குக்குக் கிடைத்த சன்மானத்தில் இரண்டு மசால் தோசை சாப்பிடலாம், காபி சொந்தச் செலவு. அந்தச் சன்மானங்களைச் சேர்த்து மேசை மின்விசிறி வாங்குவது என் வாழ்வின் லட்சியம். அதற்காகத்தான் லூர்துவின் வங்கியில் கணக்கு ஆரம்பித்தேன்.

அரைக்கதவு

வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது இப்போது இல்லை. இல்லாதவர்களைப் பற்றிப் பேசும்போது பெயரை விட்டுவிடுவது மரியாதை.

அந்த வங்கிக்கு இரண்டு வழிகள். ஒன்று கவுண்ட்டர். கம்பி போட்ட ஜன்னல், அதற்குப் பின்னால் கொட்டாவி விடும் ஒரு கேஷியர். இரண்டாவது மேனேஜர் அறையின் அரைக்கதவு. சலூன்களில் இருக்குமே, இடுப்பு உயரத்தில் தொங்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும், அந்த வகை.

தெரிந்தவர்கள் அரைக்கதவு வழியாகத்தான் போவார்கள். போய் உட்கார்ந்தால் பியூன் காத்தவராயன் டீ வாங்கி வருவான். மழை, மல்லாட்டை விலை, மாப்பிள்ளைத் தகவல் எல்லாம் பேசி முடித்த பிறகு, “ஆமா, கொஞ்சம் பணம் எடுக்கணும்” என்பார்கள். பணம் உள்ளேயே வந்துவிடும். கவுண்ட்டரில் போய் நிற்பது வெளியூர்க்காரனுக்கு. உள்ளூர்க்காரன் ஒருவன் அங்கே நின்றால், அவனுக்கும் மேனேஜருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று ஊர் பேசும்.

திண்டிவனம் பெரிய ஊரில்லை. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஆகவே கவுண்ட்டர் எப்போதும் காலியாகவும், அரைக்கதவு எப்போதும் ஆடிக்கொண்டும் இருந்தது.

லூர்து வருவதற்கு முன்பிருந்தே வழக்கம் அதுதான். கடன்களும் அந்த வழியாகத்தான் போயின. வங்கியின் தலைவர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது.

ஜாமீன் சக்கரம்

கடனுக்கு ஜாமீன் வேண்டும். அந்த ஊரில் ஜாமீன் கையெழுத்துக் கேட்பதும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதும் ஒன்று. மாட்டேன் என்றால் உறவு முறிந்துபோகும்.

மண்டிக்காரருக்கு ரைஸ்மில்காரர் ஜாமீன். ரைஸ்மில்காரருக்கு லாரிக்காரர் ஜாமீன். லாரிக்காரருக்கு யார்? மண்டிக்காரர்தான். எங்கள் ரயில் சபையிலும் அப்படியே. துண்டின் மேல் சீட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கடன் மனுவை வைப்பார்கள். பேரணி ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது ஆட்டமில்லாமல் எழுதலாம் என்பதால் கையெழுத்துகள் பெரும்பாலும் அங்கேதான் நடந்தன.

ஒருநாள் எங்கள் பெஞ்சில் புதிதாக ஒருவர். மூக்குக்கண்ணாடி, தோல் பை, முகத்தில் அஜீரணம். துண்டு காற்றில் பறந்தபோது அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உதவினார். பேரணியில் இரண்டு ஜாமீன் கையெழுத்துகள் அவர் கண் முன்னால் விழுந்தன. “இது என்ன, பேங்க் ஃபாரமா?” என்று கேட்டார். “ஆமா சார், உங்களுக்கும் வேணுமா? மேனேஜர் இதோ இருக்கார்” என்றார் எங்களில் ஒருவர். அவர் வேண்டாம் என்று சிரித்தார். நல்ல மாதிரி மனிதர் என்று முடிவு செய்து அவருக்கு ஒரு கை சீட்டும் கொடுத்தோம். ஜெயித்துவிட்டார்.

அன்று பத்தரை மணிக்கு அவர் லூர்துவின் அறைக்குள் நுழைந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். வங்கிகளுக்கெல்லாம் மேலே இருக்கிறதே ஒரு பெரிய வங்கி, அங்கிருந்து தணிக்கைக்கு வந்த அதிகாரி. திண்டிவனத்தில் தங்க இடம் பிடிக்காமல் விழுப்புரத்தில் லாட்ஜ் எடுத்திருந்தார். மறுநாளிலிருந்து அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். எங்களுக்கும் சீட்டு ஓடவில்லை.

தணிக்கையின் நடுவில் அவர் லூர்துவைக் கேட்டாராம், “மேனேஜர், இந்த ஊர்ல கடன் வாங்காத ஜாமீன்தாரர்னு யாராவது ஒருத்தர் இருக்காரா?”

“கடன் வாங்காதவர் எதுக்கு சார் ஜாமீன் போடப்போறார்?”

லூர்து நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாராம்.

மல்லாட்டை இரண்டு போகம் தொடர்ந்து பொய்த்திருந்தது. மண்டிக்காரர் கட்ட முடியாதபோது ரைஸ்மில்காரரைக் கேட்டார்கள். அவர் லாரிக்காரரைக் காட்டினார். லாரிக்காரர் மண்டிக்காரரைக் காட்டினார். யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. எல்லாரும் எல்லாருக்கும் நல்லவர்களாக இருந்தே ஒரு வங்கியைக் காலி செய்துவிட்டார்கள்.

போகும்போது அதிகாரி ஒன்று சொன்னார். “மொதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க. எல்லாரும் வரிசையில வரட்டும்.”

சில மாதம் கழித்து, வங்கி முழுகப்போகிறது என்று ஊரில் வதந்தி புகைய ஆரம்பித்த ஒரு வாரத்தில், லூர்து அரைக்கதவுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டான். யாராக இருந்தாலும் கவுண்ட்டர்தான் என்று அறிவித்தான். சவரிமுத்து வந்தது அந்த வாரம்.

வெயிலில் நிற்கும் பெருமை

அவர் எதற்காக வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

லூர்துவின் தங்கை ஜெயமேரிக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை திண்டிவனத்துப் பையன், வாத்தியார் வேலை. தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழித்துக் கல்யாணம். நகைக்காகச் சவரிமுத்து கிணற்றை ஒட்டிய நிலத்தை விற்றார். விற்ற பணத்தை யாரையும் கேட்காமல் மகனுடைய வங்கியில் போட்டார். “எம்புள்ள பேங்க்கு இருக்க சொல்ல நான் எதுக்குய்யா வேற எடம் தேடணும்?” என்று ஊரில் சொல்லிவிட்டுத்தான் போட்டார். அன்று அதை எடுத்துக்கொண்டு, மறுநாள் மகளோடு பாண்டிக்குப் போய் நகை எடுப்பதாகத் திட்டம். பையை அதற்காகத்தான் ராத்திரி தைத்தாராம்.

வரிசையில் விஷயம் பரவிவிட்டது. முன்னால் நின்ற மண்டிக் கணக்குப்பிள்ளை திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார்.

“பெரியவரே, மேனேஜர் அப்பாவா நீங்க? என் முன்னாடி வந்து நில்லுங்க. வயசான மனுசன், இன்னாத்துக்கு வெய்யில்ல வேகுறீங்க?”

“வேணாம் சாமி. நீங்க ஜல்தியா வாங்கிக்கினு போங்க. நான் வர்றேன்.”

“அய்ய, நாங்களே சொல்றோம். யாரும் கேக்க மாட்டாங்க.”

“யாரும் கேக்க மாட்டாங்க. எம்புள்ள கேப்பான்” என்றார் சவரிமுத்து. சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “அவன் ரூலுன்னா ரூலு. பெத்தவனுக்கே லைனு.”

சோடாக்கடைக்காரன் விடவில்லை. “நல்லாருக்கு நாயம். புள்ள உள்ள ஃபேன் காத்துல, அப்பன் வெளிய அனல்ல. இன்னா பெருசு, புள்ளைய பெத்தியா, போலீஸ்காரன பெத்தியா?”

“நீ சோடாவ ஒட. வாய ஒடைக்காத.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் இடத்தை நானும் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

காத்தவராயன் வெளியே வந்தான். பெரியவரைப் பார்த்துப் பதறிப்போய் உள்ளே ஓடினான். திரும்பி வந்தபோது அவன் நடையில் சுருதி இறங்கியிருந்தது.

“சொன்னேன் சார்” என்று என் காதில் சொன்னான். “உங்கப்பா நிக்கிறாரு, இட்டுக்கினு வரட்டுமான்னு கேட்டேன். லைன்லயே வரட்டும்னுட்டாரு. அந்த மூக்குக்கண்ணாடி ஆபீசரு மறுபடி வந்து உள்ள குந்திக்கினு கீறாரு. பேஜாரா கீது சார்.”

ஒருமுறை லூர்துவே வாசல்வரை வந்தான். அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சவரிமுத்து பையை இடுக்கிக்கொண்டு ஒரு கையை மட்டும் தூக்கி, நீ போ, வேலையைப் பார் என்பதுபோல ஆட்டினார். லூர்து உள்ளே போய்விட்டான். வரிசையில் இருந்தவர்கள் “மனுசன்யா” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் காட்சியை எழுதவேண்டும் என்றுகூட நினைத்தேன்.

நாங்கள் படியேறிக் கவுண்ட்டரைக் கண்ணால் பார்க்கும் தூரத்துக்கு வந்தபோது இரண்டு மணி அடித்தது. கேஷியர் ஜன்னல் பலகையை இறக்கினார். பெட்டியில் அன்றைக்கு இருந்தது அவ்வளவுதான் என்றும், நாளைக்கு வரவேண்டும் என்றும் சொன்னார்கள்.

“நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வந்துடறேன்” என்றார் சவரிமுத்து, என்னைச் சமாதானப்படுத்துகிறவர்போல. “நீயும் காலங்காத்தால வந்துடு தம்பி.”

மைதா பசை

மறுநாள் ரயிலைவிட்டு இறங்கி வங்கித் தெருவுக்குப் போனபோது சவரிமுத்துதான் கதவருகே முதல் ஆள். ஆனால் அங்கே வரிசை இல்லை, கும்பல்தான் இருந்தது. பூட்டிய கதவில் காத்தவராயன் மைதா பசை தடவி ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே ஒட்டியதால் கோணலாக ஒட்டினான்.

தாள் இங்கிலீஷில் இருந்தது. “சார் வந்துட்டாரு, சார் படிப்பாரு” என்று என்னை முன்னால் தள்ளினார்கள். எழுத்தாளன் என்ற பெயரைச் சம்பாதித்ததற்காக நான் வருந்திய சந்தர்ப்பங்களில் அது முதலாவது.

அந்த இங்கிலீஷ் லேசானதில்லை. ஒரு வாக்கியம் தாளின் பாதிவரை நிற்காமல் ஓடியது. அதன் சாரம் இதுதான்: இந்த வங்கியால் தன்னிடம் பணம் போட்டவர்களுக்கு முழுதாகத் திருப்பித்தர முடியாது; ஆகவே இது வங்கி நடத்துவதற்கான உரிமம் ரத்து செய்யப்படுகிறது; இன்றுமுதல் பணம் வாங்கவோ கொடுக்கவோ கூடாது.

“இன்னா தம்பி போட்டிருக்கு?” என்றார் சவரிமுத்து.

“லைசென்ஸை ரத்து பண்ணிட்டாங்கப்பா.”

“லைசென்ஸா?” அவர் யோசித்தார். “சைக்கிளுக்குத்தான லைசென்ஸு கேப்பாங்க. பேங்க்குக்குமா?”

“ஆமாம்பா.”

“சரி, கட்டிட்டாப் போவுது. பஞ்சாயத்துல கட்டி, சைக்கிளுக்குத் தர்ற மாதிரி ஒரு வில்லைய வாங்கிக்கினு வந்துட்டா வுட்டுடுவாங்கல்ல?”

நான் அந்தத் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிந்தது. பையை நாலாக மடித்தார். இன்னும் ஒரு மடிப்பு மடிக்கப் பார்த்தார், சாக்கு மடங்கவில்லை.

“எம்புள்ள உள்ள கீறானா?”

“மெட்ராஸுக்குக் கூப்பிட்டிருக்காங்களாம்.”

“சாப்ட்டானோ என்னமோ” என்றார்.

அதன் பிறகு

என் மின்விசிறி போயிற்று. அதைச் சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. என் பக்கத்தில் நின்றவருக்குப் போனது ஒரு கல்யாணம்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷம் காத்திருந்தார்கள். அதற்குமேல் காத்திருக்க அவர்களுக்கும் காரணமில்லை. வங்கி முழுகினால் தருகிற காப்பீட்டுப் பணம் என்று ஒரு தொகை பிற்பாடு வந்தது. வந்தபோது நகை விலையும் ஏறியிருந்தது, ஜெயமேரிக்கு வயதும் ஏறியிருந்தது. அவள் டீச்சர் பயிற்சிக்குப் போய் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஊர் லூர்துவைக் கோபிக்கவில்லை. பெற்ற அப்பனையே வெயிலில் நிறுத்திய நேர்மையாளன் என்று பெயராகிவிட்டது. பணத்தைப் பறிகொடுத்தவர்கள்கூட அவனைக் கண்டால் கும்பிட்டார்கள். ஒரு ரைஸ்மில்லில் கணக்கெழுதும் வேலை கொடுத்ததும் அந்தப் பெயருக்காகத்தான். சவரிமுத்து சாகும்வரை, மாதாகோயில் திருவிழாவில் யார் அகப்பட்டாலும், அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் தொலைத்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசாமல் இருந்த இன்னொருத்தி ஜெயமேரி. அண்ணன் வந்தால் சோறு போடுவாள். தண்ணீர் வைப்பாள். பிறகு பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் லூர்துவைப் பார்த்தேன். சுருட்டை முடி போய், இஸ்திரி மட்டும் மிச்சமிருந்தது. டீ குடித்தோம். நான் இந்தத் தொடர் எழுதுவதைச் சொல்லி, “உங்கப்பாவை வரிசையில நிறுத்தினதை எழுதப்போறேன். அந்த மாதிரி நேர்மை...” என்று ஆரம்பித்தேன்.

“நேர்மையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல” என்றான்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அந்த ஆபீசர் எதிர்ல உக்காந்துகினு இருந்தார், எழுத்தாளரே. டை கட்டிக்கினு. காத்தவராயன் வந்து உங்கப்பான்னு சொன்னான். எப்புடி வந்திருப்பார்னு தெரியும், லைன்லயே வரட்டும்னுட்டேன். அப்புறம் வெளிய வந்து பாத்தேன். முண்டாசு, செம்மண்ணு காலு, யூரியாப் பை. இவருதான் என் அப்பான்னு அந்த ஆள் முன்னாடி கூட்டியாந்து நிறுத்த வெட்கமா இருந்தது. அவ்ளோதான். ரூலு என் ஞாபகத்துலயே இல்ல. ஆபீசர் கௌம்பினதும் கூப்பிட்டுக்கலாம்னு இருந்தேன். அவர் கௌம்பல. ரெண்டு மணி அடிச்சிடிச்சு.”

பக்கத்தில் கெடார் பஸ் கிளம்பிப் போயிற்று. அவன் அதில் போகவேண்டியவன். ஏறவில்லை.

“இதை யார்கிட்டயாவது சொன்னியா?”

“ஜெயமேரிகிட்ட சொன்னேன். இப்பத்தான், ஒரு மாசம் இருக்கும். சாப்பிட்டுக்கினு இருக்க சொல்ல திடீர்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“திட்னா” என்றான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துப் பயந்துபோனேன். “அப்புடித் திட்னா பாரு. கரண்டிய கையில வச்சிக்கினு அரைமணி நேரம். இத்தினி வருஷத்துல மொத தடவ. ‘நாயத்துக்காகப் பண்ணான்னு ஊரே சொல்லுது, நான் எப்புடிடா உன்னைத் திட்றது? மனசுக்குள்ளயே வச்சிக்கினு வெந்தேனே’ன்னா.”

“இன்னும் என்ன சொன்னாங்க?”

லூர்து ஒவ்வொன்றாகச் சொன்னான். கெடார்ப் பக்கத்து வசவுகள், எந்தப் பத்திரிகையும் போடாது. பரிசு வாங்கியதை ஒப்பிப்பவன்போலச் சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசி ஒன்றில் நின்றுவிட்டான்.

“சொல்லு.”

“‘நைனா உயிரோட இருக்க சொல்லவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, பாவி? அவரும் ஒரு தடவ உன்னத் திட்டிட்டு நிம்மதியா போயிருப்பாரே’ன்னா.”